கேட்டவர்களையும் நினைக்க வேண்டும்

நெதர்லாந்தின் வடகிழக்கே, ட்ரெந்தே மாகாணத்தின் ஓரத்தில், நியூலாண்டே என்று ஒரு சிற்றூர். நாஜி ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த நாட்களில், 1943 வாக்கில், ஒருவர் அங்கே சைக்கிளில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். பெயர் ஆர்னோல்ட் டௌவெஸ், பாதிரியார் ஒருவரின் மகன். ஒவ்வொரு வாசலிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: ஒரு யூதக் குழந்தையை, அல்லது ஒரு தம்பதியை, சில நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? அந்தச் ‘சில நாள்’ பெரும்பாலும் பொய். உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். போர் முடியும்வரை இருந்தவர்களும் உண்டு. தயங்கியவர்களிடம் டௌவெஸ் வாதாடினார். மறுத்தவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போனார். நாசூக்கு பார்க்கிற ஆளில்லை அவர்.

அவருக்குத் துணையாக இருந்தவர் மாக்ஸ் லியோன்ஸ் என்ற இளைஞர். ‘நிக்கோ’ என்ற பெயரில், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டு நடமாடிய அவரே ஒரு யூதர். டௌவெஸை இந்த வேலையில் இழுத்துவிட்டவர் யொஹானஸ் போஸ்ட் என்ற விவசாயி, எட்டுப் பிள்ளைகளின் தந்தை. ஆம்ஸ்டர்டாம் சிறையிலிருந்த கைதிகளை விடுவிக்கப் போட்ட திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டதால் பிடிபட்ட போஸ்ட், 1944 ஜூலை 16 அன்று கடற்கரை மணல்மேட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். டௌவெஸும் பின்னர் பிடிபட்டார். எதிர்ப்பியக்கத்தார் சிறையிலிருந்து அவரை மீட்டார்கள். நியூலாண்டேவிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான யூதர்கள் பிழைத்தார்கள். யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் அந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கௌரவித்திருக்கிறது. தனி ஆட்களை விட்டு ஓர் ஊரையே அது கௌரவித்தது மிக அபூர்வம். நியூலாண்டே அப்படி ஒன்று; பிரான்ஸ் மலைப்பகுதியில் உள்ள ல ஷாம்போன் இன்னொன்று.

ஆண்டுதோறும் ஜனவரி 27, யூதப் படுகொலை நினைவு நாள், வரும்போது இப்படிப்பட்டவர்களின் கதைகள் பத்திரிகைகளில் வரும். அவற்றின் அச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நல்ல மனிதர். அவருக்குள் ஒரு குரல். உலகமே கெட்டுப்போனபோதும் அவர் மட்டும் கெடவில்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூலாண்டேவில் நடந்தது இதுவா? அந்த ஊரில் திடீரென்று நூறு பேருக்கு உள்ளிருந்து குரல் கேட்கவில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்றார், கேட்டார், போக மறுத்தார்.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. போலந்தின் போபோவா என்ற ஊரில் 1942 ஆகஸ்டில் யூதர்களைக் கூண்டோடு கொன்றபோது, சாமுவேல் ஒலினர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் மாற்றாந்தாயின் சொல் கேட்டு ஓடித் தப்பினான். பால்வினா பியெட்சுக் என்ற விவசாயப் பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் அவனை உள்ளே அழைத்து, கிறிஸ்தவப் பெயர் சொல்லிப் பிழைக்கவும் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியரானார். அவரும் அவர் மனைவி பேர்லும், யூதர்களைக் காப்பாற்றிய நானூறுக்கும் மேற்பட்டோரை நேர்காணல் செய்து, காப்பாற்றாத சாதாரண மக்களோடு ஒப்பிட்டு, 1988-இல் ஒரு பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார்கள். காப்பாற்றியவர்களின் குணம் என்ன, வளர்ப்பு எப்படி என்பதுதான் அவர்கள் முதன்மையாகத் தேடியது. ஆனால் அந்தக் குவியலில் இன்னொரு செய்தியும் கிடந்தது: காப்பாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தாமாக முன்வரவில்லை. யாரோ கேட்டார்கள், அவர்கள் சரி என்றார்கள்.

ஃபெடரிகோ வரேசே, மெயிர் யாயிஷ் என்ற இரு சமூகவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் அதே தரவுகளை எடுத்து, குணம், மதம், வருமானம், வீட்டில் இடம் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கிப் பார்த்தார்கள். கேட்கப்பட்டாரா இல்லையா என்பதே எல்லாவற்றையும் விடக் கனமான காரணமாக நின்றது. கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உதவியிருந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உயிரைப் பணயம் வைத்துக் கேட்கிறவர் யாரிடமும் போய்க் கேட்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார், பழகிய பழக்கத்தை எடைபோடுவார், சரி சொல்வார் என்று தோன்றுகிறவரிடம்தான் வாயைத் திறப்பார். தவறான ஆளிடம் கேட்டவர்கள் பேட்டி கொடுக்க உயிரோடு இல்லை. ஆகவே, கேட்டால் எல்லோரும் திறந்திருப்பார்கள் என்று இந்த எண்களை வைத்துக்கொண்டு குதிக்க முடியாது. ஒரு வீட்டில் மறுத்து, அடுத்த வீட்டில் மறுத்து, இரவோடு இரவாகத் திரும்பி நடந்த குடும்பங்களின் நினைவுகளும் ஏராளம். ஆனாலும் ஒன்று உறுதியாகிறது. கேட்க ஆள் இருந்ததா, அந்தக் கேள்வி சரியான வாசலுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது, மனித மனத்தின் நன்மை தீமை அளவுக்கே உயிர்களைத் தீர்மானித்தது.

நெதர்லாந்து இதற்குக் கசப்பான சாட்சி. யாத் வாஷெம் கௌரவித்த 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் போலந்துக்காரர்கள் 7,000-க்கும் மேல். அடுத்து 6,000-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் டச்சுக்காரர்கள். மக்கள்தொகையோடு பார்த்தால் டச்சுக்காரர்களின் பங்கு வியப்பூட்டுவது. அதே நெதர்லாந்தில்தான் மேற்கு ஐரோப்பாவிலேயே அதிக விகிதத்தில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,40,000 பேரில் 1,02,000-க்கும் மேற்பட்டோர். நான்கில் மூன்று பங்கு. பக்கத்து பெல்ஜியத்தில் பாதிக்கும் குறைவு. பிரான்ஸில் நான்கில் ஒரு பங்கு.

காப்பாற்றியவர்கள் இத்தனை பேர் இருந்த நாட்டில் சாவு ஏன் இத்தனை? காரணங்கள் பல. காடோ மலையோ இல்லாத தட்டை நிலம். போலியாக அச்சடிக்கக் கடினமான, அரசு அதிகாரி ஒருவர் ஆசையோடு வடிவமைத்த அடையாள அட்டை. தெரு, வீடு, மதம் வாரியாகத் துல்லியமாக எழுதி வைக்கப்பட்ட மக்கள் பதிவேடு. இவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு: காலம்.

யூதர்களை ஏற்றிய ரயில்கள் 1942 ஜூலையில் கிளம்பத் தொடங்கின. ஆம்ஸ்டர்டாமின் கடைசிப் பெரிய சுற்றிவளைப்பு 1943 செப்டம்பர் 29. இடையில் பதினான்கு மாதங்கள். மறைந்து வாழ்வோருக்கு நாடு தழுவிய உதவி அமைப்பு உருவாகத் தொடங்கியதோ 1942-இன் இறுதியில். அது காலூன்றி, கிராமம் கிராமமாக ஆள் பிடித்துப் பரவியபோது, யூதர்களில் பெரும்பகுதியினர் போய்விட்டிருந்தார்கள். 1943 வசந்தத்தில் டச்சு ஆண்களை ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்கு இழுத்துப்போக உத்தரவு வந்தபிறகுதான் பண்ணை வீடுகளின் பரண்கள் பெருமளவில் திறந்தன. போரின் இறுதிக் கட்டத்தில் மறைந்து வாழ்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். போர்க்காலம் முழுவதும் ஒளிந்த யூதர்கள் ஏறத்தாழ 25,000 பேர்தான். அவர்களிலும் மூன்றில் ஒருவர் போல் பிடிபட்டார்கள். இடம் இல்லாமல் இல்லை. அந்த இடத்துக்கும் ஆம்ஸ்டர்டாமின் நெரிசலான யூதத் தெருக்களுக்கும் நடுவே தூது போக, தொடக்கத்தில் ஆள் இல்லை. வசதியுள்ள யூதருக்கு யூதரல்லாத கூட்டாளி, வாடிக்கையாளர், வக்கீல் என்று பழக்கம் இருந்தது. வைரப் பட்டறைக் கூலிக்கும் தள்ளுவண்டி வியாபாரிக்கும் தெரிந்தவர்கள் எல்லோரும் அதே தெருவில் இருந்த யூதர்கள். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நாடு தழுவிய அமைப்பு பிறந்ததும்கூட ஒரு கேள்வியில்தான். வின்டர்ஸ்வைக் என்ற எல்லையோர ஊரில் ஐந்து பிள்ளைகளின் தாயான ஹெலேனா கௌப்பர்ஸ்-ரீட்பெர்க், நாஜிகளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து தலைமறைவாகிவிட்ட ஃபிரிட்ஸ் ஸ்லொம்ப் என்ற பாதிரியாரைப் பார்த்து, ஒளிந்து உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசச் சொன்னார். உயிர் போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஸ்லொம்ப் கிளம்பினார். ஒவ்வோர் ஊரிலும் தேவாலயப் பெரியவர்களைக் கூட்டி, ஆளுக்கு எத்தனை பேரை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். ‘ரீக் அத்தை’ என்று அறியப்பட்ட ஹெலேனா 1944 டிசம்பரில் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் இறந்தார். ஸ்லொம்ப் போர் முடிந்த பிறகும் வாழ்ந்தார்.

சரி என்று சொல்லிக் கதவைத் திறப்பது தொடக்கம்தான். திறந்த வீட்டில் அடுத்த நாள் காலை என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலான கதைகள் சொல்வதில்லை. போர்க்கால நெதர்லாந்தில் ரொட்டி, பால், கொழுப்பு, நிலக்கரி, சோப்பு எல்லாமே கூப்பனுக்குத்தான். கூப்பன் வாங்க அடையாள அட்டை வேண்டும். ஒளிந்திருப்பவர் அட்டையைக் காட்ட முடியாது. நாலு பேர் உள்ள வீட்டில் ஏழு பேர் சாப்பிட்டால் மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும். துணிக்கொடியில் அதிகமாகக் காயும் சட்டையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் வாய் திறக்காத மருத்துவர் வேண்டும். பிரசவம் என்றால் வாய் திறக்காத மருத்துவச்சி. ஒளிந்திருந்த இடத்திலேயே ஒருவர் இறந்துபோனால், உடலை இரவில் எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? ஒருவரை இரண்டு ஆண்டு காப்பாற்ற ஒரு வீடு போதாது. ஒரு தெருவே கண்டும் காணாமல் இருக்க வேண்டும்.

ஆன் ஃபிராங்கின் கதை தெரியாத வாசகர்கள் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் கால்வாயோரம் ஓர் அலுவலகத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்கு உதவிய மீப் கீஸின் பெயரும் பலருக்குத் தெரியும். 1942-இல் அவருடைய முதலாளியும் ஆனின் தந்தையுமான ஓட்டோ ஃபிராங்க் அவரைத் தனியே அழைத்து, உதவ முடியுமா என்று கேட்டார். மீப் யோசிக்கவே இல்லை. கேட்டார்கள், செய்தேன், இதில் வீரம் எதுவும் இல்லை என்ற பொருளில்தான் நூறு வயதில் இறக்கும்வரை அவர் சொல்லிவந்தார். அதைத் தன்னடக்கம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன?

மீப் வாங்கிவந்த காய்கறியை யார் விற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்துக் கால்வாயோரம் கடை வைத்திருந்த ஹென்ட்ரிக் வான் ஹூவே. இரண்டு பேர் சமைக்க இத்தனை காயா என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கனமான உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தானே மதிய இடைவேளையில் கொண்டுவந்து வைத்தார். தன் வீட்டிலும் அவர் இரண்டு யூதர்களை ஒளித்து வைத்திருந்தார். 1944 மே 25 அன்று பிடிபட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார், உயிரோடு திரும்பினார். அவர் கைதானதும் பின்கட்டில் சாப்பாடு குறைந்தது. ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே கணக்கு.

கூப்பன் கதை இன்னும் பெரிது. உதவி அமைப்பின் ஆயுதக் குழுக்கள் 1943 முதல் ரேஷன் அலுவலகங்களைக் கொள்ளையடித்து, கட்டுக்கட்டாகக் கூப்பன்களை எடுத்து வந்து பங்கிட்டன. பணத்துக்கு வால்ராவென் வான் ஹால் என்ற வங்கியாளர். பணக்காரர்களிடம் போருக்குப் பின் திருப்பித் தருவதாகக் கடன் வாங்கினார். அது போதாதபோது நாட்டின் மைய வங்கியிலேயே போலிப் பத்திரங்களை வைத்துவிட்டு, அசலை எடுத்துக் காசாக்கினார். அந்த ஒரு மோசடியில் மட்டும் ஏறத்தாழ ஐந்து கோடி கில்டர். மறைந்து வாழ்வோர், வேலைநிறுத்தம் செய்த ரயில்வே ஊழியர்கள், கைதானவர்களின் குடும்பங்கள் என்று பணம் போய்ச் சேர்ந்தது. 1945 பிப்ரவரி 12 அன்று அவரைச் சுட்டார்கள். வங்கி வரலாற்றில் இத்தனை நேர்மையான மோசடி வேறு இருக்குமா தெரியாது.

1943 மார்ச் 27 இரவு, காவலர் உடையில் வந்த கலைஞர்களும் மாணவர்களும் ஆம்ஸ்டர்டாமின் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். பன்னிரண்டு பேர் அதற்காகக் கொல்லப்பட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள். அணைந்த பிறகும் தண்ணீரைப் பீய்ச்சி, எரியாமல் தப்பிய அட்டைகளையும் ஊறவைத்துப் பாழாக்கினார்கள். அந்தத் தீயணைப்பு வீரர்களுக்குப் பதக்கம் இல்லை. அவர்கள் யாரையும் வீட்டில் வைத்துக் காப்பாற்றவில்லையே.

ஆம்ஸ்டர்டாமில் பிளான்டாகே பகுதியில் ஒரு நாடக அரங்கம் இருந்தது. நாடுகடத்தப்படும் யூதர்களை ரயிலேற்றும்வரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். சிறு குழந்தைகளை மட்டும் எதிர்ப்புறம் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டார்கள். அரங்கத்தின் பொறுப்பில் இருந்தவர் வால்டர் ஸூஸ்கிண்ட், ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். அதிகாரிகளோடு சேர்ந்து குடிப்பார், சிரிப்பார். கூடவே குழந்தைகளின் பெயர்களைப் பதிவு அட்டைகளிலிருந்து மறையச் செய்வார். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல், அவரும் யூதர். பக்கத்துக் கட்டடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதன் முதல்வர் யோஹான் வான் ஹுல்ஸ்ட் கிறிஸ்தவர். இரண்டு கட்டடங்களின் கொல்லைப்புறத்துக்கு நடுவே ஒரு வேலி. அதன் மேலாகக் குழந்தைகளைக் கைமாற்றினார்கள். முன்வாசல் வழியாகவும் அனுப்பினார்கள். டிராம் வந்து நிற்கும்போது எதிரே உள்ள காவலர்களுக்குக் காப்பக வாசல் தெரியாது. அந்த நொடிகளில் குழந்தையோடு வெளியேறி டிராமை ஒட்டியே ஓடுவார்கள். இப்படிச் சுமார் 600 குழந்தைகள்.

இங்கே முதலில் கேட்கவேண்டியிருந்தது பெற்றோரிடம். அரங்கத்தில் அடைபட்டுக் கிடக்கும் தாயிடம் போய், உன் குழந்தையைக் கொடு, எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்ல முடியாது, திரும்பப் பார்ப்பாயா என்றும் தெரியாது என்று கேட்க வேண்டும். பலர் கொடுக்க மறுத்தார்கள். போகும் இடம் வேலை முகாம், குழந்தை தங்களோடு இருப்பதே நல்லது என்று நம்பினார்கள். கொடுத்தவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தன. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும், அதற்குப் பதில் சொன்னவர்களும் எந்தப் பட்டியலிலும் வீரர்களாக இல்லை.

அங்கிருந்து குழந்தைகளை எடுத்துப்போனவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவிகள். இளம்பெண் கையில் குழந்தை இருந்தால் ரயிலில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற கணக்கு. கறுத்த முடியுள்ள குழந்தைகளைத் தெற்கே லிம்பர்க் பக்கமும், வெளிறிய முடியுள்ளவர்களை வடக்கே ஃபிரீஸ்லாந்துக்கும் அனுப்பினார்கள். உட்ரெக்ட் மாணவர்கள் செலவுக்குப் பணம் சேர்க்க, எதிர்ப்பியக்கத்தாரும் வேலைநிறுத்தக்காரர்களுமாகக் கொல்லப்பட்ட பதினெட்டுப் பேரைப் பற்றி யான் காம்பர்ட் எழுதிய ஒரு கவிதையை ஒற்றைத் தாளில் அச்சடித்து ரகசியமாக விற்றார்கள். அது நன்றாக விற்றது. அந்த ரகசிய விற்பனையிலிருந்து முளைத்ததுதான் ‘தெ பெசிக பெய்’ என்ற பதிப்பகம். இன்றும் நெதர்லாந்தின் முக்கியமான இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்று.

கடைசிச் சுற்றிவளைப்பின்போது காப்பகத்தில் இன்னும் ஏறத்தாழ நூறு குழந்தைகள் இருந்தன. எத்தனை பேரை எடுத்துச் செல்ல முடியும் என்று வான் ஹுல்ஸ்ட் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பன்னிரண்டு. 2018-இல் 107 வயதில் இறந்த அவர், காப்பாற்றிய நூற்றுக்கணக்கானோரைப் பற்றி அல்ல, விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றித்தான் கடைசிவரை பேசினார்.

இந்தக் கதைகளில் பணம் வரும்போது எழுதுகிறவர்கள் நெளிகிறார்கள். பலர் தங்கியதற்குப் பணம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் ஏழை வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. அநியாயமாகக் கறந்தவர்களும் இருந்தார்கள். 1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கடத்தி ஸ்வீடனில் சேர்த்த மீனவர்களின் கதை உலகப் புகழ் பெற்றது. அந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் உண்டு; தலைக்குச் சராசரியாக ஆயிரம் குரோனர் அளவில், சில படகுகளில் அதைவிடப் பல மடங்கு. இல்லாதவர்களுக்கு மற்றவர்கள் வசூல் செய்து கட்டினார்கள். படகு போனால் பிழைப்பு போகும் என்ற மீனவரின் கணக்கும் பொய் அல்ல. பணம் வாங்கியதால் அக்கரை சேர்ந்தவர்கள் சேராமல் போய்விட்டார்களா?

ல்விவ் நகரத்தில் பாதாளச் சாக்கடைத் தொழிலாளி லியோபோல்ட் சோகா. ஒரு காலத்தில் சில்லறைத் திருட்டு செய்தவர். 1943-இல் சாக்கடைக்குள் ஒளிந்த யூதர்களைக் கண்டதும் பணம் பேசித்தான் உதவத் தொடங்கினார். பணம் தீர்ந்தது, அவர் நிற்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து அந்த இருட்டிலிருந்து பத்துப் பேர் உயிரோடு ஏறி வந்தார்கள். பணத்துக்காக மட்டுமே செய்தவர்களை யாத் வாஷெம் கௌரவிப்பதில்லை. சோகா தேறியது பிற்பகுதியால்தான். அந்த விதி தேவையானதே. ஆனால் விருதுக்கான விதியை வரலாற்றுக்கான விதியாக்கிக்கொள்ளக் கூடாது. கூலிக்கு ஒளித்தவன் வீட்டிலும் உயிர் மிஞ்சியது.

அதுவும் எதிர்ப்பக்கத்தில் விலை பேசியவர்கள் இருந்த காலத்தில். 1943 மார்ச் முதல் ஆம்ஸ்டர்டாமில் ஹென்னெய்க்கெ என்பவரின் தலைமையில் ஐம்பது பேர் போல ஒரு கூட்டம், ஒளிந்திருக்கும் யூதர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது. தலைக்கு ஏழரை கில்டர். அரையாண்டு காலத்தில் 8,000-க்கும் மேற்பட்டோர். ஆட் வான் லீம்ப்ட் என்ற டச்சுப் பத்திரிகையாளர் அந்தப் பணப் பட்டுவாடாச் சீட்டுகளைத் தேடிப் பிடித்து 2002-இல் நூலாக்கினார். காட்டிக்கொடுத்தவர்களும் சாதாரண மக்கள்தான்: விற்பனையாளர், கார் மெக்கானிக், வேலையில்லாதவர். ‘சாதாரண மக்கள்’ என்ற சொல்லை வாழ்த்தாக மட்டும் பயன்படுத்த இந்தச் சீட்டுகள் விடாது.

யார் வாசலில் கேட்டால் கதவு திறந்தது என்பதற்கு ராபர்ட் பிரான் என்ற ஆய்வாளர் சொல்லும் விடை சுவையானது. நெதர்லாந்தில் கத்தோலிக்கர் மிகுந்த வட்டாரங்களில் புராட்டஸ்டன்டுகளும், புராட்டஸ்டன்டுகள் மிகுந்த வட்டாரங்களில் கத்தோலிக்கர்களும் அதிகமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். எந்த மதம் என்பதல்ல, அந்த இடத்தில் சிறுபான்மையா என்பதே கேள்வி. சிறுபான்மையினருக்கு ஒடுக்கப்படுகிறவர் மேல் இரக்கம் வர வாய்ப்பு உண்டு. அதற்கும் மேல், ஒருவரை ஒருவர் நன்கறிந்த, வெளியே செய்தி கசியாத வட்டம் அவர்களிடம் இருந்தது. பெரும்பான்மை ஊரில் எவன் துரோகி என்று தெரியாது. ல ஷாம்போன் மக்களும் கத்தோலிக்க பிரான்ஸில் நூற்றாண்டுகளாக விரட்டப்பட்ட ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகளின் வழிவந்தவர்கள். அங்கே போலி அடையாள அட்டைகளைத் தயாரித்துக் கொடுத்த ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், யூதன்.

நல்ல உள்ளம் இருந்தால்தான் உதவுவார்கள் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. போலந்து எழுத்தாளர் சோஃபியா கொஸ்ஸாக்-ஷ்சுட்ஸ்கா போருக்கு முன் யூத வெறுப்பை எழுத்திலேயே காட்டியவர். 1942 ஆகஸ்டில், வார்சா யூதர்கள் ரயிலேற்றப்படும் வேளையில், பேசாமல் இருப்பவன் கொலைக்கு உடந்தை என்ற கருத்தில் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அதே அறிக்கையில் யூதர்கள் போலந்தின் எதிரிகள் என்ற தன் எண்ணம் மாறவில்லை என்றும் எழுதினார். பிறகு யூதர்களுக்கு உதவும் ரகசியக் குழு தொடங்கக் காரணமாக இருந்து, தானும் ஆட்களை ஒளித்து, அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் போய் மீண்டார். எந்தப் பெட்டியில் அடைப்பது இவரை?

போலந்தில் ஒளித்தால் மரண தண்டனை. 1941 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். மார்கோவா என்ற கிராமத்தில் 1944 மார்ச் 24 அன்று, எட்டு யூதர்களை வீட்டில் வைத்திருந்த யோசெஃப் உல்மா, கர்ப்பிணியான அவர் மனைவி விக்டோரியா, ஆறு குழந்தைகள், அந்த எட்டுப் பேர் என எல்லோரும் சுடப்பட்டார்கள். நெதர்லாந்தில் தண்டனை பெரும்பாலும் சிறையோ முகாமோதான். ஆனாலும் அங்கே செத்தவர்களும் பலர். போலந்தில் போர் முடிந்த பிறகும், எங்கள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று, தாங்கள் காப்பாற்றிய யூதர்களிடமே கெஞ்சிய குடும்பங்கள் உண்டு. ஜெர்மானியர் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போகவில்லை.

காப்பாற்றிய கைகள் பிறகு விட மறுத்ததும் நடந்தது. நெதர்லாந்தில் ஒளிந்து பிழைத்த யூதக் குழந்தைகளில் சுமார் 2,000 பேருக்குப் பெற்றோர் திரும்பவில்லை. அவர்கள் யாரிடம் வளர்வது என்று தீர்மானிக்க 1945-இல் அமைந்த ஆணையத்தின் தலைவி, போரின்போது அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியவர்களில் ஒருவரான சட்ட அறிஞர் கெசினா வான் டெர் மோலன். வளர்த்த கிறிஸ்தவ வீட்டிலேயே பிள்ளைகள் இருக்கட்டும் என்பது அவர் சாய்வு. உறவினரும் யூத சமூகமும், எஞ்சியிருக்கும் பிள்ளைகளையாவது எங்களிடம் கொடுங்கள் என்றார்கள். பல ஆண்டு நீண்ட, இரு பக்கமும் கண்ணீர் நிறைந்த வழக்கு அது. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது என்று அன்றே சிலர் துணிந்து எழுதினார்கள்.

யாத் வாஷெமின் பட்டம் யூதரல்லாதவர்களுக்கு உரியது. பிழைத்தவரோ சான்றோ இருந்தால்தான் கிடைக்கும். காப்பாற்றியவரும் ஒளிந்தவரும் சேர்ந்தே செத்துப்போன வீடுகளுக்குப் பெரும்பாலும் சாட்சி இல்லை. ஸூஸ்கிண்டுக்கும் பிமென்டெலுக்கும், வாசல் வாசலாக நின்ற லியோன்ஸுக்கும், அட்டை எழுதிய ரோசோவ்ஸ்கிக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது, அவர்கள் யூதர்கள். யூதர்களைக் காப்பாற்றிய யூதர்களுக்கென்று ப்நாய் ப்ரித் என்ற யூத அமைப்பு 2011-இல் தனியாக ஒரு பாராட்டுப் பத்திரம் தொடங்கியது. அதற்குள் போர் முடிந்து அறுபத்தாறு ஆண்டு. பிமென்டெல் 1943-இலேயே அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டுவிட்டார். ஸூஸ்கிண்ட், மனைவியையும் மகளையும் அங்கே பறிகொடுத்து, 1945 தொடக்கத்தில் இறந்தார்.